உழவாரனுக்கு ஒரு பாராட்டு விழா

பாலசுப்ரமணியனுக்கு எதையும் ஒரு விழாவாக்கிப் பார்த்தால்தான் மனசு ஆறும். மற்றபடி நல்ல மனிதர். ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த பழைய கிடங்கை இடித்து அடுக்குமாடி கட்டியபோது, அங்கே கூடு கட்டியிருந்த உழவாரன் குருவிகள் எங்கே போயினவோ தெரியவில்லை. வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் அம்சா வீட்டுப் போர்டிகோவின் கூரையடியில் ஒட்டியிருந்த ஒரு கொத்துக் கூடுகள்தான் மிஞ்சின. பாலசுப்ரமணியன் உடனே ஒரு காப்புக் குழு ஆரம்பித்தார். ஞாயிறு சாயந்திரம் தெருக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அண்ணாந்து உட்கார்ந்து, எத்தனை பறவை உள்ளே போகிறது, எத்தனை வெளியே வருகிறது என்று எண்ணுவார்கள்.

எண்ணுகிறவர்கள் எண்ணிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எச்சத்தைக் கழுவுகிறவள் அம்சா. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்த ஆளைக்கூடக் கூட்டைத் தொடவிடாமல் திருப்பி அனுப்பினாள். வேன் ஓட்டும் அவள் கணவர் தீனதயாளன் சத்தம் போட்டார்.

"வூடா இது? கோழிக் கூண்டாட்டம் கீது."

"சார் சொல்லிக்கீறாரு. அதுங்களுக்கு வேற எடமே இல்லியாம். சும்மா கெட."

சார் சொன்னால் அவளுக்கு அது வேதவாக்கு.

அந்த அம்சாவைப் பாராட்டத்தான் 2003 ஏப்ரலில் விழா ஏற்பாடானது. மதுராந்தகத்திலிருந்து ஓர் அதிகாரி சிறப்பு விருந்தினர். அம்சா வீட்டுப் போர்டிகோதான் மேடை. அதிகாரியின் வழுக்கையில் குருவி எச்சமிட்டால் மானம் என்ன ஆவது என்று பாலசுப்ரமணியனுக்கு ஒரே கவலை. கூரைக்குக் கீழே வெள்ளைத்துணியை மேற்கட்டியாக இழுத்துக் கட்டச் சொல்லிவிட்டு, அதிகாரியை அழைத்துவர அவரே காரில் போனார். திரும்பி வந்ததும் பந்தல்காரர் முனிசாமி பெருமையாகச் சொன்னார்.

"நாலு பக்கமும் டைட்டா கட்டிட்டேன் சார். ஒரு ஈ பூராது."

"பேஷ்" என்றார் பாலசுப்ரமணியன்.

மைக்கைப் பிடித்ததும் அவருக்குக் குரல் கனிந்துவிட்டது. "உழவாரனுக்குக் கால் மிகவும் சிறியது. கீழே விழுந்துவிட்டால் எழும்பிப் பறக்க முடியாமல் தவிக்கும். அதன் கூட்டுக்கு முன்னால் திறந்த வெளி வேண்டும். அதை மட்டும் நாம் அடைத்துவிடக் கூடாது!"

கைதட்டல் எழுந்தது. கூடுகளைக் காட்டுவதற்காகக் கையை மேலே நீட்டினார். அங்கே வெள்ளைத்துணிதான் இருந்தது. துணியின் நடுவில், உள்ளங்கையளவு ஒரு பள்ளம். அது அசைந்தது.

கூட்டில் இருந்த தாய்ப்பறவை வெளியே போக வழி தேடித் துணிமேல் விழுந்திருக்கிறது. அவருக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. இதைப் புரிந்துகொள்ள அந்தத் தெருவில் அவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

முனிசாமியைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அதிகாரி எழுந்து மைக்குக்கு வந்துவிட்டார். இப்போது துணியை அவிழ்த்தால் இத்தனை பேர் எதிரில் தன் முட்டாள்தனம் தெரிந்துபோகும். அதுவும் அடைக்காதே என்று இப்போதுதானே வாய் கிழியப் பேசினார்! கொஞ்ச நேரம்தானே, அதிகாரி சீக்கிரம் முடித்துவிடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதிகாரி சீக்கிரம் முடிக்கவில்லை. தன் சின்ன வயதில் ஆரம்பித்தார். வெளியே மற்றப் பறவைகள் பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்து கீச்சிட்டன.

"பாருங்கள், பறவைகளே நம்மை வாழ்த்துகின்றன" என்றார் அதிகாரி. எல்லாரும் கைதட்டினார்கள். பாலசுப்ரமணியனும் தட்டினார். போகஸ் விளக்கின் சூட்டில் மேடையே வெந்தது. மேலே பள்ளம் அசைந்தது, பிறகு எப்போதாவது அசைந்தது. அம்சாவுக்குப் பொன்னாடை போர்த்தும்போது அது அசையவில்லை. பாலசுப்ரமணியன் போட்டோவுக்குச் சிரித்தார்.

அதிகாரியை ஏற்றிய கார் தெருவைத் தாண்டிய பிறகுதான் முனிசாமி மேற்கட்டியை அவிழ்த்தார். பறவை சிவப்புக் கம்பளத்தில் விழுந்தது. அம்சா ஓடிவந்து கையில் எடுத்தாள். பொன்னாடை இன்னும் அவள் தோளில் இருந்தது. ஊதிப் பார்த்தாள், அலகில் தண்ணீர் தொட்டு வைத்தாள். கண் திறக்கவில்லை. மேலே கூட்டில் குஞ்சுகள் கத்தின.

"இத்தினி பேரு குந்திகினு இருந்தீங்களே, ஒருத்தருக்கும் தெரியலியா?" என்று கத்தினார் தீனதயாளன். அவருடைய பார்வை நேராகப் பாலசுப்ரமணியன் மேல்தான் இருந்தது. "இன்னா சார், உங்களுக்குமா தெரியல?"

பாலசுப்ரமணியன் ஓரடி முன்னால் வந்தார். சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். அதற்குள் அம்சா கணவர்மேல் பாய்ந்தாள்.

"சாரைப் போயி இன்னா கேக்குற நீ? அவருக்குத் தெரிஞ்சிருந்தா வுட்டிருப்பாரா? எந்த ஆபீசரு பேசிகினு இருந்தாலும் அப்பவே கிழிச்சிப் போட்டிருப்பாரு." அவரிடம் திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது. "இல்லியா சார்?"

"ஆமாம்மா" என்றார் பாலசுப்ரமணியன்.

அவள் பொன்னாடையின் ஓரத்தால் பறவையை மூடிக்கொண்டு, குழி தோண்ட இடம் பார்க்கத் தோட்டத்துப் பக்கம் போனாள். "வாங்க சார்" என்று அவரையும் கூப்பிட்டாள்.