சர்பத்தின் சதைப் பக்கம்

1

“குடிங்க பாய், எல்லாரும் பார்க்கறாங்க!” என்றார் மாப்பிள்ளையின் அம்மா மஹ்பூபி.

தௌசீப் அகமது டம்ளரைத் தூக்கிவிட்டார். ரோஜா நிறச் சர்பத். உதட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே ஓர் அங்குலம். மகள் ஆஃப்ரீனின் கல்யாணம் அந்த ஓர் அங்குலத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

(இங்கே நிறுத்துகிறேன். முப்பது வருடம் தொடர்கதை எழுதியவனுக்கு எங்கே வெட்டுவது என்று கையே சொல்லும். ஆனால் இதில் கொலையும் இல்லை, கடத்தலும் இல்லை, சர்க்கரை மட்டும்தான். கதை கிடைத்த இடத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: வேலூரில் ஒரு சர்க்கரை நோய் கிளினிக். பக்கத்து நாற்காலியில் தௌசீப்பும் அவர் மனைவி பில்கிஸும் போட்ட சண்டையை, வாரப் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒட்டுக்கேட்டேன். உனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். எழுத்தாளன் எங்கும் போவான்.)

2

முதலில் எழுதிய ஆரம்பம்: “ஆம்பூர் ரயில் நிலையத்தில் அடைமழை கொட்டிய அந்த...” வேண்டாம். ஆம்பூரில் அடைமழை என்றால் அடுத்த வரியை நம்பமாட்டீர்கள்.

தௌசீப் அகமது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிப்பவர். மேஜையில் தோலை விரித்து உள்ளங்கையால் ஒரு தடவு. முதல் தரம், இரண்டாம் தரம், ரிஜெக்ட். பூச்சு பூசி மறைத்த தோல் கீழே போகும். இயற்கை மேனியோடு இருப்பது மேலே ஏறும். இருபத்தாறு வருடத்தில் கை தப்பியதில்லை.

மூன்று மாதச் சர்க்கரை சராசரி எட்டைத் தாண்டியதும் டாக்டர், “குடிக்கிற இனிப்பை எல்லாம் நிறுத்துங்க” என்றார். தௌசீப் உடனே பானங்களையும் மேஜையில் விரித்தார். வெள்ளைச் சர்க்கரை பாலிஷ் போட்ட சரக்கு, ரிஜெக்ட். பாட்டில் கலர், ரிஜெக்ட். வெல்லம் போட்ட டீ இயற்கை, ஆகவே முதல் தரம். தேன் தண்ணீரும் அப்படியே. கரும்புச்சாறோ, கண்ணெதிரே பிழிகிறார்கள், இஞ்சி வேறு தட்டிப் போடுகிறார்கள்! முதல் தரத்திலும் முதல் தரம். வெறும் தண்ணீரை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டாம் தரத்தில் தள்ளினார்.

மூன்று மாதம் கழித்து வேலூர் கிளினிக்கில் ரிப்போர்ட் வந்தது. ஒன்பதரை.

“மிஷின் ரிப்பேர்” என்றார் தௌசீப்.

“ஆமா, மிஷினுதான் தெனம் ரெண்டு கிளாஸ் கரும்பு ஜூஸ் குடிச்சிது” என்றார் பில்கிஸ்.

“அது நேச்சுரல், பில்கிஸ்!”

“இன்னா நேச்சுரலு? தோலை மேல தடவிட்டு பாஸ் போட்டுடுவீங்களா? திருப்பி உள்ள சதை ஒட்டியிருந்த பக்கம், அந்த சதைப் பக்கம் பார்க்க மாட்டீங்க? கத்தி வெட்டு ஜாஸ்தியா கம்மியான்னு அங்கதானே தெரியும்!” கைப்பையிலிருந்து கணவர் குடிக்கும் பழச்சாறு டப்பாவை எடுத்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பொடி எழுத்தில்: சர்க்கரை இருபத்து நான்கு கிராம். “ஆறு ஸ்பூன்! முன்னால ஆரஞ்சுப் படம், பின்னால ஆறு ஸ்பூன்!”

உணவு ஆலோசகர் ஷர்மிளா எட்டிப் பார்த்தார். “அக்கா சொல்றதுதான் சார். வெல்லம், தேன், ஜூஸ் எல்லாமே உள்ள போனா சர்க்கரைதான். தண்ணி குடிங்க. சர்க்கரை போடாத டீ, நீர்மோர் ஓகே.”

அவர் போனதும் தௌசீப் குரலைத் தாழ்த்தினார். “ஆஃப்ரீன் கல்யாணம் முடியற வரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது. சுகர் குடும்பம்னு பையன் வீட்ல பேஜார் பண்ணுவாங்க.”

“சொல்லல. ஆனா ஒரு சொட்டு இனிப்பு உள்ள போச்சு, நானே அங்க எழுந்து நின்னு சொல்லுவேன்.”

(பெண்ணின் பெயரைக் கேட்டதும் பத்திரிகையை இன்னும் நாலு விரல் மேலே தூக்கினேன். ஏன் என்பது பிறகு.)

3

வேலூர் சத்துவாச்சாரி, மாப்பிள்ளை வீடு. பெண்கள் பேசி முடித்த சம்பந்தம்; அப்பாக்கள் இருவரும் அன்றுதான் முதல்முறை எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஒரே டம்ளர் சர்பத்தை இரண்டு அப்பாக்களும் பாதிப் பாதி குடிக்க வேண்டும். மறுத்தால் சம்பந்தத்தையே மறுத்ததாக அர்த்தம்.

“நீங்க மொதல்ல, பாய்” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.*

“சேச்சே, வீட்டுக்காரர் நீங்க இருக்கும்போது நானா?”

“விருந்தாளிதான் மொதல்ல.”

“பெரியவர்தான் மொதல்ல.”

டம்ளர் நாலு முறை போய்வந்தது. ஐந்தாவது முறைதான் மஹ்பூபி அதட்டினார். உள்ளறைத் திரைக்குப் பக்கத்தில் பில்கிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

* இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். டம்ளரை நீட்டுவதைத் தவிர வேலையில்லாதவர், பெயர்கூட வைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வரைவிலும் இவருக்கு வியர்க்கிறது. ஃபேனைக் கூட்டி வைத்து எழுதினேன்; அப்போதும் வியர்க்கிறது. வெயில் என்று வைத்துக்கொள்வோம். வேலூர்தானே.

4

முடிவு ஒன்று: தௌசீப் குடிக்கிறார், பில்கிஸ் எழுந்து... இல்லை, பாவம் ஆஃப்ரீன்.

முடிவு இரண்டு: டம்ளர் கை தவறி விழுகிறது. இதே தந்திரத்தில் மூன்று கதாநாயகிகளை விஷத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறேன். நாலாவது முறை நீங்கள் மன்னிக்கமாட்டீர்கள்.

நடந்தது இது. தௌசீப் டம்ளரை இறக்கினார். மேஜையில் கிடக்கும் தோலைப் பார்ப்பதுபோல அதையே பார்த்தார்.

“எனக்கு சுகர் இருக்கு. ஒன்பதரை. மறைக்கணும்னுதான் வந்தேன், முடியல. சம்பந்தத்தை வேணாங்கல, சர்பத்தைத்தான் வேணாங்கறேன். ஒரு சொம்பு தண்ணி குடுங்க, பாதி இன்னா, முழுசா குடிக்கறேன்.”

தன்னையே திருப்பிச் சதைப் பக்கத்தைக் காட்டிவிட்டார் மனிதர். திரைக்குப் பக்கத்தில் செருமல் நின்றுபோனது.

மஹ்பூபி உதட்டைப் பிதுக்கினார். “சுகரா! நம்ம வீட்ல யாருக்கும் கிடையாது.” கணவர் பக்கம் திரும்பினார். “நீங்க இன்னா சொல்றீங்க? சம்மதம்னா உங்க பாதியைக் குடிங்க. இல்லேன்னா கீழ வெச்சுடுங்க.”

எல்லாக் கண்களும் அந்தப் பெயரில்லாதவர் மேல். அவர் பெயர் ரஃபி அகமது. நான்தான்.

கிளினிக்கில் தௌசீப்புக்கு டோக்கன் பன்னிரண்டு, எனக்குப் பதினொன்று. பத்திரிகை ஆபீசுக்குப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். இப்போது டம்ளர் என் கையில், மஹ்பூபியின் கண் என் மேல். முடிவை நீங்களே எழுதிக்கொடுங்கள், கொஞ்சம் சீக்கிரம்.

என் ரிப்போர்ட் பத்து புள்ளி இரண்டு.