ஒன்பதாம் படி வரும் வரை

குடியை விட்டு எட்டு மாதம் ஆகிறது. குடியை விட்டவர்கள் கூடும் எங்கள் கூட்டத்தில் பன்னிரண்டு படி உண்டு. நாலாம் படியில் குடித்துக் கெடுத்ததையெல்லாம் எழுத வேண்டும். ஐந்தாம் படியில் அதை ஒருத்தரிடம் வாசிக்க வேண்டும். போய்ச் சரிசெய்வது ஒன்பதாம் படியில்தான். நான் லிஃப்ட் மெக்கானிக், வரிசை தப்பினால் எனக்குப் பிடிக்காது.

கூட்டத்தில் எனக்குத் துணை டெய்லர் அண்ணன், பதினாறு வருஷமாகக் குடிக்காதவர். மத்தியானம் அவர் கடையில் உட்கார்ந்து வாசித்தேன். மாமியார் முன்னால் மனைவியைக் கேவலமாகப் பேசியது, மகளின் பள்ளிக்கூட வாசலில் விழுந்து கிடந்தது. அவர் பேன்ட் ஓரம் அடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பதினேழாவது," என்றேன். "கண் டாக்டர் கட்டடம். லிஃப்டுக்கு பிரேக் கட்டை மாத்தாமயே மாத்தினதா எழுதிக் கையெழுத்து போட்டேன். போதையில மேல ஏறவே முடியல. அந்தப் புதுக் கட்டை போன வாரம் என் பழைய பையில கிடந்துச்சு, காலி பாட்டிலோட."

தையல் மெஷின் நின்றது.

"அந்த லிஃப்ட் இப்ப ஓடுதா?"

"ஓடுது. ஒன்பதாம் படி வரும்போது போயி..."

"அறிவு கெட்டவனே. மத்ததெல்லாம் நீ செஞ்சது. இத நீ இன்னும் செஞ்சுக்கிட்டிருக்க."

ஒரு வாரமாக அதைக் கோடு போட்டு, எண் போட்டு, அழகான கையெழுத்தில் வைத்திருக்கிறேன். அங்கே ஜனங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"சொன்னா வேலை போயிடும்ணே. கெஞ்சித்தான் மறுபடி சேர்ந்தேன்."

"போகும்," என்றார். ஒரு பேச்சுக்காவது போகாது என்று சொல்லக்கூடாதா மனுஷன்.

வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. நான் போய் நிற்கும்போது லிஃப்ட் ஆறாவது மாடியில் இருந்தது. கதவுக்கு மேலே எண் ஐந்து, நாலு, மூன்று என்று மாறியது. ஒவ்வொரு எண்ணுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தரைக்கு நாலு விரல் கீழே போய் நின்றது. ஒரு கண்ணில் கட்டுப் போட்ட அம்மா உள்ளேயிருந்து காலைத் தூக்கி வைத்து வெளியே வந்தார்.

"ஒரு மாசமா இப்படித்தான் நிக்குது. யாரும் கேக்கறதில்ல," என்றார் என்னிடம்.

எல்லோரையும் இறக்கிவிட்டு லிஃப்டை நிறுத்தினேன். மொட்டைமாடி மெஷின் அறையில் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தேன். கட்டை முழுக்கத் தேய்ந்து இரும்பு பளபளவென்று தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டு ஒன்று விடாமல் சொன்னேன்.

"குடிச்சிருக்கியா?"

"இல்ல சார். குடிச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

"அங்கேயே இரு. வரேன்."

ஜன்னல் வழியே எதிரில் மதுக்கடை தெரிந்தது. அவர் வர இருபது நிமிடமாவது ஆகும். நான் இறங்கிப் போய்க் குடித்துவிட்டு வர ஐந்து நிமிடம் போதும். கணக்கு தானாக ஓடியது. வேலை போவதைவிட இந்தக் கணக்குதான் எனக்கு அதிகப் பயம். டெய்லர் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"பயமா இருக்குண்ணே."

"இருக்கட்டும். எனக்கு இன்னும் ரெண்டு பேன்ட் இருக்கு. போனை மெஷின் பக்கத்துல வெக்கிறேன். அவர் வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டு உக்காரு."

தடதடவென்று தையல் ஓடியது. நடுவில் நூல் அறுந்தது, அவர் அதைத் திட்டினார். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். கீழே படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. லிஃப்டைத்தான் நிறுத்தியாயிற்றே, ஆறு மாடியும் சூப்பர்வைசர் ஏறித்தான் வர வேண்டும். நான் மாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.