அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா

வீட்டுப்பாடம் கொடுக்கிற வாத்தியார்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு நம்பிக்கை உண்டு. தங்கள் பாடத்தைத் தவிர உலகத்தில் வேறு பாடமே கிடையாது என்பதுதான் அது. கணக்கு வாத்தியார் பத்துக் கணக்கு கொடுப்பார். தமிழம்மா செய்யுளை மனப்பாடம் செய்து பொருளும் எழுதி வரச் சொல்வார். ஆங்கிலத்துக்கு ஒரு கட்டுரை. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கூட்டிப் பார்க்க அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆள் இல்லை. கூட்டிப் பார்த்தவள் நான்தான். நான் வாத்தியாரும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் இருந்த பெண்பிள்ளைகள் விடுதிக்கு வார்டன். என் பெயர் அமலி. பிள்ளைகளுக்கு வார்டனம்மா.

ஊர் கொடுமுடிக்கு இந்தப் பக்கம், வாய்க்கால் ஓரம். பெயர் வேண்டாம். தொண்ணூற்று நாலாம் வருஷம் விடுதியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர் இருந்தார்கள். எல்லாரும் காட்டு வேலைக்கு, பண்ணையக்காரர் நிலத்தில் கூலிக்கு, போகிற குடும்பத்துப் பிள்ளைகள். மற்றப் பாடங்களுக்கெல்லாம் எங்கெங்கோ அலைந்து பழைய புத்தகம் வாங்கிவிட்டேன். அறிவியலுக்கு மட்டும் இரண்டே புத்தகம்தான் கிடைத்தது. ஈரோட்டுக் கடைகளில் கேட்டால், வந்தால் சொல்கிறோம் என்றார்கள். ஆடி முடிந்து ஆவணி பிறந்தும் வரவில்லை.

அறிவியலுக்கு அந்த வருஷம் புதிதாக வந்தவர் கந்தப்பன் சார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். நேரத்துக்கு வருவார், பாடத்தை நடத்துவார், ஒரு நாள் தவறாமல் நோட்டுத் திருத்துவார். அதுதான் வினையே. பாடத்தின் பின்னால் இருக்கிற கேள்விகளை அன்றன்றைக்குக் கொடுத்து, மறுநாள் காலையில் முதல் வேலையாக நோட்டை வாங்கிப் பார்ப்பார். எழுதாதவர்கள் வெளியே.

இரண்டு புத்தகத்தை ஒன்பது பேர் பங்கு போட வேண்டும். முறை வைத்தேன். சாயங்காலம் படிப்பு நேரத்தில் புத்தகம் கை மாறிக்கொண்டே போகும். கடைசி முறை மாசாணியம்மாளுக்கு. மூலனூர்ப் பக்கத்துப் பெண். ஒல்லியாக, வாயைத் திறக்காமல் இருப்பாள். ஆனால் கை அப்படி ஓடும். வேகமாக எழுதுகிறவள்தானே, கடைசியில் எழுதிக்கொள்ளட்டும் என்று மற்றவர்கள் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். அவளும் சரி என்றுவிட்டாள். அவள் முறை வரும் நேரத்துக்குச் சரியாக கரண்ட் போகும். விடிந்து எழுதலாம் என்றால் தண்ணீர் பிடிக்கிற முறை. முதல் வாரம் ஒரு நாள் வெளியே நின்றாள். அடுத்த வாரம் அடுத்தடுத்து நின்றாள். அதோடு கந்தப்பன் சார் சொல்லிவிட்டார்.

"உங்கப்பாவைக் கூட்டிட்டு வந்தாத்தான் இனி கிளாசுக்குள்ள."

அன்று சாயங்காலம் விடுதிக்கு வந்தவள் நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

"வார்டனம்மா, எங்கய்யனுக்குச் சொல்லி உடாதீங்க. பொற்கொடி அக்காளுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமல்லங்க."

தெரியாமல் என்ன. அதற்கு முந்தின வருஷம், எங்கள் விடுதியில் இருந்த பொற்கொடியின் அப்பாவை இதே மாதிரி வரச் சொன்னார்கள். வந்தவர் வாத்தியார் பேசியதைக் கேட்டுக்கொண்டார், தலையை ஆட்டினார், நேரே விடுதிக்கு வந்து மகளின் தகரப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்று சொன்ன பிறகு பெண்ணை அங்கே விட்டு வைப்பது மரியாதை இல்லை என்பது அவர் நினைப்பு. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை என்று நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னால் ஓடிச் சொன்னேன். கேட்கவில்லை. பொற்கொடி அப்போது சூலூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலைக்கு இருந்தாள்.

வாத்தியாருக்கு அப்பாவைக் கூப்பிடுவது ஒரு சின்ன மிரட்டல். இந்தப் பிள்ளைகளுக்கு அது படிப்புக்கு வைக்கிற முற்றுப்புள்ளி.

மறுநாள் நானே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆசிரியர் அறையில் கந்தப்பன் சார் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலி போட்டார்.

"சார், ரெண்டு புஸ்தகத்தை வெச்சுட்டு ஒம்பது பேர் எழுதறாங்க. எங்க புள்ளைகளுக்கு மட்டும் ஒரு நாள் தள்ளிக் குடுங்க. இல்லீன்னா கேள்வியைப் பங்கு போட்டுக் குடுங்க."

"மேடம், நீங்க சொல்றது நாயந்தானுங்க. ஆனா விடுதிப் புள்ளைகளுக்குன்னு தனியாக் குடுத்தா மத்த புள்ளைக நாளைக்கு அதையே சொல்லுமுங்க. போன வருஷம் அறிவியல்ல பாதிக்குப் பாதி பெயிலு. எனக்கு இங்க வந்தவுடனே ஹெட்மாஸ்டர் சொன்னது அதுதானுங்க. எழுத வெச்சாத்தான் பாஸ் ஆவாங்க."

"அப்ப அவங்கய்யனுக்குப் பதிலா நான் வந்திருக்கறனுங்க. நாந்தான அவளுக்குப் பொறுப்பு?"

"நீங்க வந்தா அவளுக்குப் பயம் வருமுங்களா? அப்பா ஒரு தடவை வந்து நின்னாப் போதும், பாருங்க, அப்பறம் தானா எழுதுவா."

எத்தனையோ சொன்னேன். பொற்கொடி கதையையும் சொன்னேன். "அது அவங்க குடும்ப விசயமுங்க" என்றார். ஹெட்மாஸ்டரிடம் போனால், வகுப்பு விஷயத்தில் நான் தலையிட மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். திரும்பி வரும்போது வராந்தாவில் மாசாணி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே பாடம் நடக்கிறது. ஜன்னல் வழியாகக் கேட்டதை நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கட்டடத்தையே இடித்துப் போட்டிருப்பேன். என்ன செய்ய, என்னால் முடிந்தது பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பதுதான்.

வாரக் கடைசி வரைக்கும் பார்த்தேன். அவர் இறங்கி வரவில்லை. அவள் வெளியேதான் நின்றாள். இனி வேறு வழியில்லை என்று அவள் அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டேன். பயப்பட ஒன்றும் இல்லை, சார் உங்களை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்கிறார், பெட்டி படுக்கை எதுவும் எடுக்க வேண்டியதில்லை என்று பக்குவமாக எழுதினேன். எழுதியதை யார் எப்படிப் படித்துக் காட்டுவார்களோ என்று அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாசாணி தன் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். நான் எடுத்து வெளியே வைத்தேன். அவள் மறுபடி உள்ளே வைத்தாள்.

அவள் அப்பா மாரப்பன் புதன்கிழமை முதல் பஸ்ஸுக்கு வந்துவிட்டார். வெளுத்த வேட்டி, துவைத்த சட்டை, தோளில் துண்டு. அவர் கையில் பையோ கயிறோ இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை. அப்பாடா என்று இருந்தது.

"எம்பட புள்ள என்ன தப்புங்க பண்ணிப்போட்டா?"

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. வாத்தியார் எழுதிட்டு வரச் சொன்னதை எழுதலீங்க. அவ மேலயும் குத்தம் இல்லீங்க. புஸ்தகம் பத்தலை."

"எழுதலீங்களா?" என்றார். "வாத்தியார் கோவக்காரருங்களா?"

"கோவமெல்லாம் இல்லீங்க. ரெண்டு வார்த்தை பேசுவாரு, நீங்க கேட்டுட்டு வந்தாப் போதும். பெட்டியை மட்டும் தூக்கிப் போடாதீங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்கம்மா. புள்ள படிக்கோணும். அதுக்குத்தானுங்க வந்திருக்கறேன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. நல்லபடியாக முடிந்துவிடும் என்று நம்பினேன்.

பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றினார். உள்ளே போட்டுக்கொண்டு வரலாம் என்று சொன்னேன். பரவாயில்லீங்க என்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். வராந்தாவில் மாசாணி நின்றிருந்த இடத்துக்கு இரண்டடி தள்ளி நின்றார். கந்தப்பன் சார் வகுப்பிலிருந்து வெளியே வந்தார். கையில் பிரம்பு இருந்தது. பலகையில் படத்தைக் காட்டிப் பாடம் நடத்த அவர் எப்போதும் வைத்திருப்பது.

"நீங்கதான் அப்பாவுங்களா? பாருங்க, இந்தப் புள்ள நல்லாப் படிக்கற புள்ள. வீட்டுப்பாடம் எழுதாம வந்தா எப்படிங்க? இப்படியே போனா நான் கிளாசுல வெச்சுக்க முடியாதுங்க."

மாரப்பன் வலது கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்தபடி.

கந்தப்பன் சாருக்குப் புரியவில்லை. கை குலுக்க நீட்டுகிறார் என்றோ, எதையாவது கேட்கிறார் என்றோ நினைத்திருப்பார். எனக்குப் புரிந்துவிட்டது. என் அப்பாவும் காட்டு வேலை செய்தவர்தான். பண்ணையத்தில் ஆளைக் கூப்பிட்டு அனுப்பினால் எதற்கு என்று எங்கள் வீடுகளில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பையன் ஆடு மேய்த்ததில் தப்பு நடந்தால் அப்பனைக் கூப்பிடுவார்கள். அப்பன் போவான், வாங்கிக்கொள்வான், வருவான்.

"அடிச்சுப்போடுங்க சார்."

"என்னங்க சொல்றீங்க? கையைக் கீழ போடுங்க."

"அவ பொட்டப்புள்ளைங்க, தாங்க மாட்டாளுங்க. நான் வாங்கிக்கறனுங்க."

வகுப்புக்குள் சத்தம் நின்றுவிட்டது. ஜன்னல் முழுக்கப் பிள்ளைகளின் முகம். கந்தப்பன் சாருக்கு முகம் வெளிறிப்போனது.

"நான் அதுக்குக் கூப்பிடலீங்க. நீங்க பெரியவங்க. போதும், புள்ள உள்ள போகட்டும். நான் உட்டுட்டேன். நீங்க போயிட்டு வாங்க."

கை அப்படியே இருந்தது.

"வாய்ல உட்டுட்டேன்னு சொன்னா ஆச்சுங்களா சார்? அடிக்காம அனுப்புனா அடுத்த நாளே வேலையை உட்டு நிறுத்திப்போடுவாங்க. எத்தனை பண்ணையத்துல பாத்திருக்கறனுங்க. அடிச்சுப்போட்டீங்கன்னா முடிஞ்சு போச்சுங்க. அப்பறம் எம்பட புள்ளைய நிறுத்த மாட்டீங்கல்லங்க."

நான் நடுவில் போய் அவர் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். "மாரப்பண்ணா, இங்க அந்த மாதிரி இல்லீங்க, நான் சொல்றனல்ல" என்று கத்தினேன். கை மரக்கட்டையாக இருந்தது. மாசாணி ஓடி வந்து இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்கய்யா, போலாம். எனக்குப் படிப்பு வேண்டாம். ஊட்டுக்குப் போலாங்கய்யா" என்று அழுதாள். நான் இத்தனை நாள் எதற்குப் பயந்தேனோ அதை அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள்.

மாரப்பன் மகளைத் திரும்பிப் பார்த்தார். அங்கே வந்த பிறகு அவருக்குக் கோபம் வந்தது அப்போது மட்டும்தான். "சும்மா இரு கண்ணு. பெரியவங்க பேசறபோது குறுக்க வரப்புடாது" என்றார். பிறகு சாரைப் பார்த்து, "அவ சொல்றதைக் கணக்குல எடுக்காதீங்க சார். படிப்பாளுங்க. நீங்க போடுங்க" என்றார்.

நான் கந்தப்பன் சாரைத் திட்டினேன். என்னென்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. இரண்டு புத்தகம், இரண்டு புத்தகம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலை வெயில் வராந்தாவுக்குள் வந்துவிட்டது. நீட்டின கையை அவ்வளவு நேரம் தூக்கி வைத்திருந்தால் யாருக்கும் கடுத்துப்போகும். ஆனால் அவர் மடக்கவில்லை. அடி விழாமல் அந்த மனுஷர் இந்த இடத்தை விட்டு நகர மாட்டார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்து போனது.

கடைசியில் கந்தப்பன் சார் பிரம்பின் நுனியை அந்த உள்ளங்கையில் வைத்தார். வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அதைப் போய் அடி என்று சொல்ல முடியாது.

"இன்னுங் கொஞ்சம் பலமாங்க" என்றார் மாரப்பன்.

கந்தப்பன் சார் பிரம்பைக் கீழே போட்டுவிட்டு ஆசிரியர் அறைப் பக்கம் போய்விட்டார். போகும்போது சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாரப்பன் அவர் போன திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு மகள் முதுகில் கையை வைத்து வகுப்பு வாசலுக்குத் தள்ளினார். "போ கண்ணு, முடிஞ்சுது. உள்ள போய் உக்காரு." அவள் போனாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் நோட்டை எடுத்துப் பிரித்து வைத்தாள்.

பஸ் ஸ்டாப்பில் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். ஆள் முற்றிலும் மாறிப்போயிருந்தார். காலையில் பார்த்த முகம் இல்லை. துண்டு தோளுக்கு ஏறிவிட்டது. கார்டு வந்ததிலிருந்து கண்ணை மூடவில்லை என்றும், வாத்தியார் தங்கமான மனுஷர் என்றும், இவ்வளவு லேசாக விடுவார் என்று நினைக்கவே இல்லை என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். அது அப்படி இல்லை, உங்களை அடிக்கக் கூப்பிடவில்லை, பேசத்தான் கூப்பிட்டார்கள் என்று நான் முதலிலிருந்து எடுத்துச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை. அவர் மனசு நோகக்கூடாது என்று நான் பூசி மெழுகுவதாக நினைத்துவிட்டார்.

தூரத்தில் பஸ் தெரிந்தது. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

"ஏனுங்கம்மா, ஒண்ணு கேக்கோணுங்க. கோவிச்சுக்கப்புடாது."

"கேளுங்க."

"பத்தாவது முடியறதுக்குள்ள நான் இன்னும் எத்தனை தடவைங்க வரோணும்? இப்பவே சொல்லிப்போட்டீங்கன்னா, பண்ணையக்காரர்கிட்ட முன்னாலயே கேட்டு வெச்சுக்குவனுங்க. கூப்பிட்ட நாளுக்கு நான் வர முடியாமப் போயி, புள்ளைக்கு ஒண்ணும் ஆயறக்கூடாதல்லங்க."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினார். மாரப்பன் ஏறாமல், என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.