விக்கல் விழுந்த இடம்

நான் விடும் மூச்சு ஒரு கம்பெனிக்குச் சொந்தம் என்று எனக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். மூச்சு விட்டதற்காக நோட்டீஸ் வாங்கியவன் பூமியில் நான் ஒருவன்தான். நீங்கள் நம்ப வேண்டாம். ஒரு பிரபலமான பாட்டின் முன்னிசையில் புல்லாங்குழல் ஊதியது நான்தான் என்பதையே என் மச்சினன் நாற்பது வருடமாக நம்பவில்லை.

அவனையும் குறை சொல்ல முடியாது. இசைத்தட்டின் அட்டையில் பாடியவர் பெயர் உண்டு, இசையமைத்தவர் பெயர் உண்டு, அட்டைக்குப் படம் பிடித்தவன் பெயர்கூட உண்டு. எங்களுக்கு மட்டும் 'வாத்தியக் குழு'. ஒலிப்பதிவன்று ஆயிரம் வயலின்கள் (சரி, பன்னிரண்டு) பின்னால் இழைய, முன்னிசை முடியும் இடத்தில் எனக்கு விக்கல் வந்துவிட்டது. ஸ்டுடியோ நேரம் தீர்ந்துபோனதால் அப்படியே விட்டுவிட்டார்கள். ரேடியோ அறிவிப்பாளர்கள் முன்னிசை முழுவதும் பேசித் தீர்ப்பதால் அந்த விக்கலை யாரும் கேட்டதில்லை. நான் மட்டும் வீம்புக்கு இன்றும் விக்கலோடுதான் ஊதுவேன். "அங்க தப்பா வருது அத்தான்" என்பான் மச்சினன்.

அவன் சலூன் வைத்திருக்கிறான். ரேடியோவில் வந்தாலும் பதிவு செய்த பாட்டைக் கடையில் போட உரிமம் வேண்டும் என்று ஆய்வாளர் ஒருவர் வந்து மிரட்டிவிட்டுப் போனதும், பயந்துபோய் ஸ்பீக்கரை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். வெறும் கத்தரிச் சத்தத்தில் வாடிக்கையாளர் ஒருவர் தூங்கிச் சாய்ந்து பாதி மீசையை இழந்தார். பொறுக்காமல் மறுநாள் காலை நானே குழலோடு போய் உட்கார்ந்தேன்.

முன்னிசையை ஊதி முடித்துக் குழலைத் துடைக்கிறேன், வாசலில் நின்று கேட்டிருந்த அதே ஆய்வாளர் கைப்பேசியை நீட்டியபடி உள்ளே நுழைந்தார். பாட்டைக் கேட்டு எந்தப் பதிவு என்று சொல்லிவிடுமாம் அது.

"ஸ்பீக்கர் எங்க?"

"இங்க" என்று நெஞ்சைத் தட்டினேன்.

"விளையாடாதீங்க பெரியவரே. கம்பெனிப் பதிவுன்னு காட்டுது. அந்த வெட்டுகூட அப்படியே இருக்கு."

"அது வெட்டு இல்ல தம்பி. என் விக்கல்."

அவர் ஸ்பீக்கரைத் தேடிச் சுவர்க் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தார். துண்டுகளை உதறினார். நுரை டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கினார். பாதி சவரத்தில் இருந்தவரை எழுப்பி நாற்காலிக்கு அடியிலும் தேடினார். கடைசியில் கேட்டார்:

"நீங்க ஊதினதுன்னா பதிவுல உங்க பேர் எங்க?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "என் விக்கல் வேணும், என் பேரு வேணாமாடா உங்க கம்பெனிக்கு!" நான் போட்ட சத்தத்தில் கண்ணாடி விரிசல் விட்டது. (முன்பே விட்டிருந்த விரிசல்தான். கொஞ்சம் நீண்டது.)

"சரி, இப்ப ஊதுங்க பாப்போம்" என்றார்.

ஊதினேன். கோபத்தில் உதடு நடுங்கியது. வெறும் காற்றுதான் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே மச்சினன் பக்கம் ஒரு படிவத்தைத் தள்ளினார். 'கடையில் பதிவிசை ஒலித்தது' என்று கையெழுத்துப் போட்டு உரிமம் எடுத்தால் விவகாரம் முடிந்தது.

மச்சினன் பேனாவை எடுத்தான்.

"போடுடா. நீ என்னைக்கு என்னை நம்பின?" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. "சார், அந்தப் பதிவைக் கொஞ்சம் போடுங்க" என்றான்.

குறுக்கே பேச ஆளில்லாமல் முன்னிசை முழுதாக ஒலித்தது. அந்த இடம் வந்தது. விக்கல். மச்சினன் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. சவர நுரை காய்ந்துபோன முகத்தோடு வாடிக்கையாளரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொரு தடவை, சார்."

மறுபடியும் விக்கல். மச்சினன் படிவத்தை மடித்து ஆய்வாளரின் சட்டைப் பையில் செருகினான்.

"அப்ப நோட்டீஸ் பெரியவர் பேர்லதான்" என்று அவர் எழுத ஆரம்பித்தார். அந்தப் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில், கம்பெனிக் காகிதத்தில், முதல்முறையாக என் பெயர். எழுத்தைச் சரிபார்த்துக் கொடுத்தேன்.

சாட்சிக் கையெழுத்துப் போடும் இடத்தில் மச்சினன் குனிந்தான். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினான்:

"ஊதினது அத்தான்தான். அன்னிக்கும் அவர்தான்."