டியூப் மட்டும் தொங்கிய கம்பம்

ஏரிக்கரையில் என் டீக்கடைக்கு எதிரே ஒரு கம்பம். அதில் ஆரஞ்சு நிற டியூப் ஒன்றும், அதோடு கட்டிய நைலான் கயிறும் தொங்கும். யாராவது தண்ணீரில் விழுந்தால் டியூபை எறிந்து, கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். என் தம்பி ஜெயப்பிரகாஷ் இதே ஏரியில் மூழ்கிப் போன பிறகுதான் பஞ்சாயத்தில் மாட்டினார்கள். அதற்கு நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

மாட்டி என்ன பிரயோசனம்? ஒருத்தி துணி காயப்போடக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போவாள். ஒருத்தன் டிராக்டரில் வைக்கோல் கட்ட எடுத்துப் போவான். வீடு வீடாகப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவேன். சீ, என்ன பிழைப்பு இது என்று இருக்கும்.

இந்தத் தையில் ஏரி நிரம்பிக் கிடந்தது. மாடு விடும் விழா அன்று காலையில் கடையைத் திறந்தால், கயிறு இல்லை. விசாரித்தால், எங்கள் தெருப் பையன் தனகோடியின் காளை கழுத்தில் இருக்கிறது. நேரே போனேன்.

“கயித்த குடுடா.”

“இன்னாக்கா நீ, ஒரு நாளைக்குதானே! ஓடி முடிச்ச மாட்ட புடிக்க நீளமா வேணும். சாயங்காலம் நானே கட்டிட்றேன்.”

“அதுக்குள்ள எவனாவது வுழுந்தா?”

“திருவிழா அன்னைக்கு யாருக்கா ஏரிக்கு வரப்போறாங்க?”

வந்தது அவனேதான். வீதியில் ஓடிய காளை மேளச் சத்தத்தில் மிரண்டு, கூட்டத்தைத் தாண்டிக் கரையேறி, என் கடைப் பெஞ்சைச் சாய்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டது. பின்னாலேயே ஓடிவந்த தனகோடி, மாடு போய்விடுமே என்ற பதற்றத்தில் தானும் குதித்தான். நீச்சல் தெரியாத பயல். ஒருமுறை தலை தெரிந்தது, அப்புறம் கை மட்டும்.

என் தம்பிக்கும் கடைசியில் கைதான் தெரிந்தது என்று சொன்னார்கள். டியூபைப் பிடுங்கி முழு பலத்தோடு எறிந்தேன். அவனுக்கு எட்டாமல் விழுந்தது. கயிறு இருந்திருந்தால் இழுத்து மறுபடி எறிந்திருப்பேன். டியூப் அது பாட்டுக்குக் காற்றில் நடு ஏரிக்குப் போனது.

நல்லவேளை, காளை கரைப் பக்கம் திரும்பி நீந்தியது. அதன் கழுத்துக் கயிறு தனகோடியின் கையில் சிக்க, கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். காளை அவனை இழுத்துவந்து சேற்றில் போட்டது.

ஊரே காளையைக் கும்பிட்டது. கயிற்றுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். தனகோடி எழுந்து உட்காரும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

“இப்பவாவது குடுடா.”

“இன்னாக்கா பேசற? உசுர காப்பாத்துன கயிறு. இனிமே அது மாட்டு கழுத்துலதான் இருக்கும்.”

சுற்றி நின்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு அழுகையாக வந்தது. திட்டக்கூடத் தெம்பில்லை.

“செரி, அந்த டியூபையாவது யாராச்சும் எடுத்தாந்து குடுங்கய்யா. நாளைக்கு துணி தொவைக்க பொம்பளைங்க வருவாங்க.”

எல்லாரும் நடு ஏரியைப் பார்த்தார்கள். கடைசியில் தனகோடிதான் சொன்னான்:

“அவ்ளோ ஆழத்துக்கு எவன்க்கா போவான்? முழுகிட்டா இழுக்கறதுக்கு இங்க இன்னா இருக்கு?”