பச்சைக் கப்பல்கள்

வேலையிலிருந்து திரும்பியவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் கணவனின் பின்னால் போய் நின்றாள். காலையில் எப்படிக் குறுகி உட்கார்ந்திருந்தானோ அப்படியேதான் இருந்தான். மடிக்கணினியில் கறுப்பு வானம். நீலக் கிரகங்கள் அவனுடையவை, பச்சை அவன் கூட்டாளியுடையவை, சிவப்பு கணினியின் படை. விடுமுறை நாட்களில் இருவரும் மாறி மாறி உட்கார்ந்து ஆடும் பழைய விண்கப்பல் போர் விளையாட்டு அது. வேலையிலும் ஜோடிதான். இவன் கிரேன் ஓட்டுவான். அவன் கீழே நின்று கை காட்டுவான். போன வாரம் இவன் இறக்கிய இரும்புச் சட்டம் ஆடிப்போய் அவன் வலது காலை நசுக்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காற்று சட்டென்று அடித்துவிட்டது என்றார் மேற்பார்வையாளர். இவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"அவரோட ஆட்டத்தையும் நீங்களே ஆடுறீங்களா?"

"அவன் முறை வந்தா சும்மா தாண்டி விட்டுடுறேன். செவப்பு அவன் மேலயே ஏறி வருது. அதான் என் கப்பல எல்லாம் அங்க நிறுத்திருக்கேன். எங்களுக்குள்ள ஒருத்தர ஒருத்தர் தாக்குறதில்லன்னு ஒப்பந்தம் இருக்கு."

"உங்க பக்கம் காலியா கெடக்கே?"

"கெடக்கட்டும்."

அவள் பையை மேஜைமேல் வைத்தாள். "அவரோட வீட்டு அக்கா தினமும் கேக்குறாங்க, நீங்க ஏன் ஆஸ்பத்திரிக்கு வரலன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போறது?"

"இருக்குற மூஞ்சியத்தான்."

மறுநாள் பார்வை நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஜன்னலோரக் கட்டிலில் போர்வை ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பாதியிலேயே தட்டையாகவும் கிடந்தது. வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வார்த்தைகளை இவன் அப்படியே விட்டுவிட்டான். வேறு வழி தெரியாமல் மடிக்கணினியைத் திறந்து கூட்டாளியின் முன் வைத்தான்.

"உன்னோடது ஒன்னுகூடப் போகலடா. எல்லாத்தையும் காப்பாத்தி வெச்சிருக்கேன்."

கூட்டாளி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எவன் கேட்டான் உன்ன?"

"உன் முறை வந்தப்பல்லாம் தாண்டி விட்டுட்டேன்," என்றான் இவன்.

"என் முறைய நீ எப்படித் தாண்டி விடுவ? நான் இன்னும் சாகலடா."

ஊசி குத்தியிருந்த கை மெல்ல நகர்ந்தது. முதலில் ஒப்பந்தத்தை முறித்தான். பிறகு தன் பச்சைக் கப்பல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் திரட்டி, காவலில்லாமல் கிடந்த நீலத் தலைநகரை நோக்கித் திருப்பினான். மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று இவன் கண்ணாலேயே தடுத்தான். தன் நீலக் கப்பல்கள் நேரத்துக்கு வீடு திரும்பி வந்து சேராது என்று இவனுக்குத் தெரியும்.

கூட்டாளி முறையை முடித்துவிட்டு மடிக்கணினியை இவன் பக்கம் திருப்பினான். கண்கள் சிவந்திருந்தன.

"ஒழுங்கா ஆடு."

இவன் கட்டில் ஓரத்தில், போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில் உட்காரப் போனவன் சட்டென்று நிமிர்ந்தான். நின்றபடியே விசைப்பலகையின்மேல் குனிந்தான். பச்சைக் கப்பல்கள் வரிசை கலையாமல் வந்துகொண்டிருந்தன.