வெள்ளைத் துணி காயப்போட்ட நாள்

ஹால்வர் ஓங்கிய கோடரி தேனீப் பெட்டியின் மூடியில் இறங்கியது. பலகை பிளந்தது. இரண்டாவது அடிக்கு அவன் கையை உயர்த்துவதற்குள் பத்திருபது தேனீக்கள் வெளியே வந்து, குளிர் தாங்காமல் பனியில் விழுந்தன. அண்ணன் அஸ்லக்கைப் புதைத்துவிட்டு வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

வீட்டுக்குள் துக்கத்துக்கு வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் நின்ற அஸ்லக்கின் மனைவி தோர்டிஸ், மேல்கோட்டுகூட இல்லாமல் வெளியே ஓடினாள்.

போன கோடையில் புருஷன் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பெட்டி. அவனைத் தவிர வீட்டில் ஒருவருக்கும் தேனீயின் அரிச்சுவடி தெரியாது. பக்கத்து வீட்டு போர்கில்ட் சற்றுமுன்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள்.

"அவரு போன அன்னைக்குக் காலைல வீடு வீடா வந்தாரும்மா. 'இன்னைக்கு வெயில் வருது, பூச்சிங்க வெளிய வரும், துணி காயப்போடாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு. எப்பேர்ப்பட்ட மனுஷன்."

ஊருக்கெல்லாம் சொன்னவன் பெண்டாட்டிக்குச் சொல்ல மறந்துவிட்டான். ஐந்து மாதக் குளிரில் பெட்டிக்குள் அடக்கி வைத்திருந்த கழிவைத் தேனீக்கள் முதல் வெயிலில் வெளியே பறந்துதான் கழிக்கும். அன்று கழித்தது அவள் கொடியில் போட்டிருந்த நாலு வெள்ளைப் படுக்கை விரிப்புகளின் மேல். மஞ்சள் மஞ்சளாகச் சொட்டுகள். அஸ்லக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"எல்லாம் உசுரோட இருக்குடி. பாரு, ஒண்ணுகூட சாகல."

அவளுக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. பெட்டியை ஓங்கி உதைத்தாள். அது சாய்ந்தது. சீறி வந்த கூட்டத்துக்கு முன்னால் அவன் பாய்ந்து அவளைத் தள்ளிவிட்டான். சிரித்த வாய் இன்னும் மூடவில்லை. தொண்டைக்குள்ளேயே கொட்டின. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முகம் வீங்கி மூச்சு நின்றுவிட்டது.

கேட்டவர்களிடமெல்லாம் "பூச்சி கொட்டிருச்சு" என்று மட்டும் சொன்னாள். பத்து நாளாக அதே பதில்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"தள்ளுங்க அண்ணி" என்றான் ஹால்வர், பெட்டியை மறித்து நின்றவளிடம். "எங்கண்ணனைக் கொன்ன சனியன். ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது."

"கோடரியைக் கீழ போடு ஹால்வர்."

"புருஷனைத் தின்ன பூச்சிக்குப் பரிஞ்சு பேசுறீங்களா?"

பேசாமல் நின்றிருந்தால் இன்னும் இரண்டு அடியில் முடிந்திருக்கும். எவருக்கும் எதுவும் தெரிய வந்திருக்காது. நின்றுவிடத்தான் அவளுக்கும் ஆசையாக இருந்தது. அந்த ஆசையை நினைக்கத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"அது ஒண்ணும் பண்ணல. நான்தான் பெட்டியை உதைச்சேன்."

"எதுக்கு?"

"துணியைக் கெடுத்துருச்சுன்னு. என்னைக் கொட்ட வந்ததுங்க. அவரு என்னைத் தள்ளிவிட்டுட்டு முன்னால வந்துட்டாரு."

அறை விழுந்தது. தோர்டிஸின் உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது.

"ஒரு துணிக்கா?"

அவன் மறுபடி கோடரியை ஓங்கினான். தன்மேல் இறங்கினாலும் சரி என்றுதான் அவள் நின்றாள். அது அவள் தோளைத் தாண்டித் துணி காயப்போடும் கொடியின் கம்பத்தில் இறங்கியது. கம்பம் முறிந்து விழும்வரை வெட்டினான்.

பிறகு மூச்சிரைக்கக் கேட்டான். "கடைசியா ஏதாவது சொன்னானா?"

"பேச முடியல. பெட்டியைத்தான் கை காட்டினாரு, நிமித்தி வைன்னு."

ஹால்வர் கோடரியைப் பனியில் போட்டான். சாவுக்குப் போட்டு வந்த கறுப்பு மேல்கோட்டைக் கழற்றிப் பிளந்த மூடியின் மேல் விரித்தான். காற்று புகாதபடி நாலு பக்கமும் செருகினான். கையில் நாலைந்து கொட்டின, அவன் உதறவில்லை. அவளை ஏறிட்டும் பார்க்காமல், வெறும் சட்டையோடு நடந்து போய்க் காரில் ஏறினான்.

ஜன்னலில் முகங்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. தோர்டிஸ் உதட்டைத் துடைக்காமலே வீட்டுக்குள் போனாள்.